திருப்பி அனுப்பிய தாளை எறிந்துவிடாதீர்கள்

(மும்பையில் நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில், ரயில்வே எழுத்தராகப் பணிபுரியும் செயற்குழுத் தோழர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



எனக்கு முன்னால் பேசிய தோழர்கள் நாட்டு அரசியலைப் பேசினார்கள். நான் பத்தாவது வரை படித்தவன். அப்பா பணியில் இருக்கும்போதே காலமானதால் வாரிசு வேலையாக ரயில்வேயில் எழுத்தர் ஆனவன். எனக்குத் தெரிந்ததெல்லாம் காகிதம். ஆகவே இன்று ஒரே ஒரு காகிதத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். உங்களில் பலர் வீட்டில் அது இருக்கிறது. அரிசி டின்னுக்கு அடியிலோ, சாமி படத்துக்குப் பின்னாலோ, மடித்து வைத்திருப்பீர்கள். "உங்கள் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது" என்று எழுதிய காகிதம்.

ஊனத்துக்கான சான்றிதழ் கேட்டோம், இல்லை என்றார்கள். மாத உதவித்தொகை கேட்டோம், தகுதியில்லை என்றார்கள். அதோடு விட்டுவிட்டோம். எத்தனை வீட்டில் இந்தக் கதை? கையைத் தூக்கச் சொல்லி யாரையும் சங்கடப்படுத்த மாட்டேன். என் வீட்டுக் கதையையே சொல்கிறேன்.

என் அக்காளின் கணவர், எங்கள் அத்தான், திருநெல்வேலிச் சீமையிலிருந்து பதினெட்டு வயதில் இந்த ஊருக்கு வந்தவர். முதலில் ஒரு தகரப் பட்டறையில் பிரஸ் மிஷின் வேலை. பிறகு முப்பது வருஷமாக லாரியில் மூட்டை ஏற்றி இறக்கும் வேலை. 2019-ஆம் ஆண்டு மழைக்காலத்தில் லாரியின் மேலிருந்து மூட்டையோடு விழுந்தார். இடது தொடை எலும்பும் முட்டியும் நொறுங்கின. தகடு வைத்தார்கள். முட்டி பிறகு சரியாக மடங்கவே இல்லை. கால் ஒரு விரற்கடை குட்டையாகிவிட்டது. மூட்டை தூக்குகிறவனுக்குக் கால் போனால் என்ன மிச்சம்? முதலாளி ஆஸ்பத்திரிச் செலவில் பாதியைக் கொடுத்துவிட்டுக் கும்பிடு போட்டார். அக்கா நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துக் குடும்பத்தை இழுத்தாள்.

2021-இல் ஊனச் சான்றிதழுக்கு எழுதிப் போட்டார்கள். ஒரு மருத்துவமனையில் வரச் சொன்னார்கள். காலையிலிருந்து மதியம் வரை வரிசை. டாக்டர் காலைப் பார்த்தார், எக்ஸ்ரேயைப் பார்த்தார், 30 விழுக்காடு என்று எழுதினார். சலுகைகளுக்கு வேண்டியது 40. பத்து குறைந்தது. உதவித்தொகை ஆபீசில் அந்தச் சான்றைக் காட்டினார்கள். "40 இல்லை, எடுத்துக்கொண்டு போங்கள்" என்று ஒரு வரி எழுதித் திருப்பிக் கொடுத்தார்கள்.

அத்தான் அந்தத் தாளை அரிசி டின்னில் போட்டு மூடிவிட்டார். நான் போய்க் கேட்டபோது, "விடு மாப்ளே, நமக்கு இல்லேன்னு கவர்மென்ட்டே எழுதிக் குடுத்துட்டான். இதுக்கு மேல யார்கிட்ட போயி நிக்கிறது?" என்றார். இரண்டு வருஷம் அந்தத் தாள் டின்னிலேயே கிடந்தது. நானும் சும்மா இருந்தேன். வெட்கத்தோடு சொல்கிறேன், கவுண்ட்டருக்கு உள்ளே உட்கார்ந்திருக்கிற நானும் சும்மா இருந்தேன்.

தோழர்களே, கவுண்ட்டருக்கு உள்ளே என்ன நடக்கிறது என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டும். நானே செய்த காரியம் அது. சில வருஷங்களுக்கு முன் ஒரு விதவைத் தாய் என் மேசைக்கு ஒரு மனு கொண்டு வந்தார். நாலு இணைப்பு இருக்க வேண்டும், மூன்றுதான் இருந்தது. நான் "இணைப்புக் குறைவு, திருப்பப்படுகிறது" என்று எழுதி முத்திரை போட்டுக் கொடுத்தேன். எனக்கு அரை நிமிஷ வேலை. அந்த அம்மா ஐந்து மாதம் கழித்து வேறொரு விஷயத்துக்கு வந்தார். "அந்த மனு என்னம்மா ஆச்சு?" என்று கேட்டேன். "இல்லேன்னு சொல்லிட்டீங்கள்ல தம்பி" என்றார். நான் இல்லை என்று சொல்லவில்லை. ஒரு தாள் குறைகிறது என்றுதான் எழுதினேன். ஆனால் அதை வாயால் சொல்லவில்லை. ஒரு சொல் சொல்லியிருந்தால் அந்த அம்மா மறுநாளே வந்திருப்பார். ஐந்து மாதப் பணத்தை என் சோம்பல் தின்றது.

அன்றைக்கு எனக்கு ஒன்று விளங்கியது. மேசைக்குப் பின்னால் இருப்பவன் ஆளைப் பார்ப்பதில்லை, தாளைப் பார்க்கிறான். தாளில் எது இல்லையோ அது உலகத்திலேயே இல்லை. அவன் எழுதுகிற மறுப்பு உங்கள் ஊனத்தைப் பற்றிய தீர்ப்பாகாது. நீங்கள் கொடுத்த தாளில் எது குறைகிறது என்ற குறிப்பு அது. அப்படியானால் நாம் செய்ய வேண்டிய முதல் காரியம் என்ன? அந்தக் குறிப்பைப் படிப்பது. மராத்தியில் இருந்தாலும் இங்கிலீஷில் இருந்தாலும் ஒருவரைக் கொண்டு படித்துக் கேட்பது.

காரணமே எழுதவில்லை என்றால்? எழுதித்தான் ஆக வேண்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் வந்தது, 2017 ஏப்ரல் 19 முதல் அமலில் இருக்கிறது. சான்றிதழ் மறுத்தால் காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும் என்பது அதன் கீழ் உள்ள விதி. வாயால் "நஹி ஹோகா" என்று சொல்லி அனுப்பினால் அது மறுப்பே ஆகாது. "எழுதிக் கொடுங்கள்" என்று நில்லுங்கள். கொடுக்காவிட்டால் தகவல் உரிமைச் சட்டம், 2005 இருக்கிறது. 10 ரூபாய்க் கட்டணம். வறுமைக்கோட்டுக்குக் கீழ் இருப்பவர்களுக்கு அதுவும் இல்லை. என் விண்ணப்பத்தில் என்ன குறிப்பு எழுதப்பட்டது, மருத்துவர் போட்ட கணக்குத் தாளின் நகல் வேண்டும் என்று நாலு வரி எழுதினால் 30 நாளில் பதில் சொல்ல வேண்டும்.

அத்தான் கதைக்கு வருகிறேன். 2023-இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தேன். அந்த டின்னைத் திறந்து தாளை எடுத்து முதல் முறையாக முழுதாகப் படித்தேன். விண்ணப்பத்தின் நகலும் கூடவே இருந்தது. அதில் ஊனம் என்ன என்ற இடத்தில் "இடது கால்" என்று இரண்டே சொல். அவ்வளவுதான்.

அப்போது அத்தான் சாப்பிட உட்கார்ந்தார். இடது கையைச் சட்டைப் பைக்குள் வைத்திருந்தார். முப்பது வருஷத்துக்கு மேலாக அவர் அப்படித்தான். எங்களுக்கெல்லாம் பழகிவிட்டது, யாரும் கவனிப்பதில்லை. பத்தொன்பது வயதில் அந்தப் பிரஸ் மிஷினில் அந்தக் கையில் இரண்டு விரல் போனது. மிச்சமிருக்கிற விரல்களும் முழுதாக மடங்காது. கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தபோதும் கையைப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்தவர்தான். ரிசப்ஷன் போட்டோவில்கூட அந்தக் கை தெரியாது.

நான் கேட்டேன்: "அத்தான், டாக்டர்கிட்ட இந்தக் கையைக் காட்டினீங்களா?"

அவர் சொன்னார்: "அது எதுக்கு மாப்ளே? அது சின்ன வயசுல போனது. அதோடதான் நான் முப்பது வருஷம் மூட்டை தூக்கினேன்."

எங்கள் அக்கா சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்: "சட்டைப் பித்தான் இன்னைக்கும் நான்தான் போட்டு விடுறேன் தம்பி."

தோழர்களே, இதுதான் நம்முடைய ஜனங்கள். உழைத்துவிட்ட காரணத்தாலேயே ஊனத்தை ஊனம் என்று சொல்ல மாட்டார்கள். மானத்துக்காகக் கையைப் பைக்குள் மறைத்து வைப்பார்கள். மறைத்து வைத்த கைக்கு மருத்துவர் எப்படி மார்க் போடுவார்?

இந்தக் கணக்கை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். ஒருவருக்கு இரண்டு குறைபாடு இருந்தால் இரண்டையும் சேர்த்துக் கணக்கிட அரசாங்கத்தின் மதிப்பீட்டு வழிகாட்டியிலேயே ஒரு சூத்திரம் இருக்கிறது. 30-ஐயும் 20-ஐயும் கூட்டி 50 என்று போட மாட்டார்கள். பெரிய எண்ணை முதலில் வைத்துக்கொள்வார்கள். 90-இலிருந்து அதைக் கழிப்பார்கள். 90-இல் 30 போனால் 60. அந்த 60-ஐச் சின்ன எண்ணான 20-ஆல் பெருக்கினால் 1,200. அதை 90-ஆல் வகுத்தால் 13-க்குச் சற்று மேல். இதைப் பெரிய எண்ணோடு கூட்டினால் 43. நாற்பதைத் தாண்டிவிட்டது! கால் மட்டும் இருந்தால் 30, மறுப்பு. காலும் கையும் சேர்ந்தால் 43, தகுதி. ஆள் அதே ஆள். எழுதியதுதான் வேறு.

மீண்டும் விண்ணப்பித்தோம். இந்த முறை இடது கால் என்று மட்டும் எழுதவில்லை. இடது தொடை எலும்பு முறிவு, தகடு வைத்த அறுவை, முட்டி மடங்காமை, கால் குட்டை, இடது கையில் இரண்டு விரல் இழப்பு, மற்ற விரல்கள் மடங்காமை என்று வரிசையாக எழுதினோம். டிஸ்சார்ஜ் சீட்டு, பழைய எக்ஸ்ரே, புதிய எக்ஸ்ரே, கைக்கு எடுத்த புது எக்ஸ்ரே எல்லாம் இணைத்தோம். 2021-இன் மறுப்புத் தாளையும் மறைக்காமல் வைத்தோம். மறைத்தால் சந்தேகம் வரும். காட்டினால், முன்பு கை பரிசோதிக்கப்படவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. மருத்துவமனை வாசலில் நான் அத்தானிடம் ஒன்றே ஒன்று சொன்னேன்: "இன்னைக்கு மட்டும் கையை வெளியே வையுங்க." டாக்டர் 30-ம் 20-ம் போட்டார். 43 வந்தது.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. இல்லாததை இருக்கிறது என்று எழுதச் சொல்லவில்லை. பொய்ச் சொல்லிச் சலுகை வாங்கினால் அதே சட்டத்தில் இரண்டு ஆண்டு வரை சிறையும் ஒரு லட்ச ரூபாய் வரை அபராதமும் இருக்கிறது. ஒரு பொய்ச் சான்றிதழ் நூறு உண்மையான ஊனமுற்றவர்களைச் சந்தேகத்தில் நிறுத்தும். இருப்பதை ஒன்று விடாமல் எழுதுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

அடுத்து, மேல்முறையீடா, மறு விண்ணப்பமா? இந்தக் குழப்பம் பலருக்கு இருக்கிறது.

மருத்துவர் எல்லாவற்றையும் பார்த்தார், ஆனால் குறைத்துப் போட்டுவிட்டார் என்று நினைத்தால் மேல்முறையீடு செய்யுங்கள். 2016 சட்டத்தின் 59-ஆம் பிரிவு அந்த உரிமையைத் தருகிறது. மாநில அரசு குறித்திருக்கும் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுத வேண்டும். அதற்குக் காலக்கெடு உண்டு. ஆகவே மறுப்புத் தாள் கைக்கு வந்த தேதியை அதன் மேலேயே எழுதி வையுங்கள்.

முதல் முறை எல்லாவற்றையும் காட்டவில்லை, அல்லது அதற்குப் பிறகு உடம்பு மோசமாகிவிட்டது, அல்லது சிகிச்சை முடிவதற்குள் அவசரப்பட்டுப் போய்விட்டோம் என்றால் புதிதாக விண்ணப்பியுங்கள். அடிபட்ட ஒரு மாதத்தில் கட்டோடு போய் நின்றால், இன்னும் குணமாக வாய்ப்பிருக்கிறது என்று சொல்லி அனுப்புவார்கள். மாறக்கூடிய நிலை என்றால் சில ஆண்டுகளுக்கு மட்டும் செல்லும் தற்காலிகச் சான்று தருவார்கள். அந்தத் தேதி முடிவதற்குள் மறுபடி போக வேண்டும். முடிந்த பிறகு போனால் உதவித்தொகை இடையில் அறுந்துபோகும்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. பல வருஷத்துக்கு முன் போய், "இது ஊனப் பட்டியலிலேயே இல்லை" என்று திரும்பி வந்தவர்கள். 1995-ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில் 7 வகைதான் இருந்தது. 2016 சட்டத்தில் 21 வகை. தலசீமியா, ஹீமோபிலியா, சிக்கிள் செல் என்கிற இரத்த நோய்கள், பார்க்கின்சன் என்கிற நடுக்கு நோய், தசைச் சிதைவு, ஆட்டிசம், அமிலம் வீசப்பட்டு முகம் வெந்தவர்கள் எல்லாம் இப்போது பட்டியலில் உண்டு. பழைய மறுப்பை நம்பி இன்றும் வீட்டில் இருப்பவர்கள் உடனே மறுபடி போக வேண்டும். உங்களை மறுத்த சட்டமே இப்போது இல்லை.

சான்றிதழுக்கான விண்ணப்பம் இப்போது இணையத்தில், யூடிஐடி என்கிற தனி அடையாள அட்டை முறையில் நடக்கிறது. 2024 அக்டோபரில் விதிகளைத் திருத்தினார்கள். 40-க்குக் கீழ் வெள்ளை அட்டை, 40 முதல் 80-க்குள் மஞ்சள், 80-ம் அதற்கு மேலும் நீலம். முடிவு சொல்ல மூன்று மாதம் என்று வைத்திருக்கிறார்கள். இரண்டு ஆண்டுக்கு மேல் முடிவில்லாமல் கிடக்கும் விண்ணப்பம் செயலற்றுப் போகும். பிறகு மறுபடி எழுத வேண்டும், அல்லது மருத்துவ அதிகாரியைப் பார்த்து உயிர்ப்பிக்க வேண்டும். "போட்டிருக்கிறேன், வரும்" என்று சும்மா இருக்கிறவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் இது.

அதைவிட முக்கியம், விண்ணப்பத்தில் யாருடைய போன் நம்பர் இருக்கிறது? அக்கா வீட்டுக்கு ஒரு தரகர் வந்து ஐயாயிரம் கேட்டார். அக்காவிடம் ஐயாயிரம் இல்லாதது நல்லதாகப் போயிற்று. தரகர்கள் தங்கள் நம்பரைப் போட்டுவிடுகிறார்கள். மருத்துவமனைத் தேதி, குறை கேட்டு வரும் செய்தி எல்லாம் அவர்கள் போனுக்குத்தான் போகும். உங்களுக்கு ஒன்றும் தெரியாது. விண்ணப்பத்துக்குக் கட்டணம் கிடையாது. உங்கள் நம்பரைப் போடுங்கள், இல்லாவிட்டால் உங்கள் பிள்ளையின் நம்பரைப் போடுங்கள்.

சான்று கிடைத்தாயிற்று. அத்தானுக்குப் பணம் கிடைத்ததா? இல்லை. இரண்டாவது மறுப்பு அங்கேதான் வந்தது.

மகாராஷ்டிரத்தில் சஞ்சய் காந்தி நிராதார் அனுதான் யோஜனா என்று ஒரு திட்டம். ஆதரவற்றோர், விதவைகள், கடும் நோயாளிகள், 40 விழுக்காடும் அதற்கு மேலும் ஊனமுள்ளவர்கள் ஆகியோருக்கு மாத உதவி. 65 வயதுக்குள் இருக்க வேண்டும். ஊனமுள்ளவர் என்றால் குடும்ப ஆண்டு வருமானம் 50,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். இந்த மாநிலத்தில் 15 ஆண்டு குடியிருந்திருக்க வேண்டும்.

அந்தப் பதினைந்து ஆண்டுதான் நம்மவர்களை இடறி விழ வைக்கிறது. அத்தானின் ரேஷன் கார்டு இப்போதைய குடிசை முகவரியில் ஒன்பது வருஷம்தான் ஆகிறது. அதற்கு முன் மூன்று வாடகை அறை மாறியவர். "15 ஆண்டு வசிப்புக்கு ஆதாரம் இல்லை" என்று எழுதித் திருப்பினார்கள். முப்பது வருஷம் இந்த ஊர் மூட்டையைச் சுமந்தவர் இந்த ஊரில் இருந்ததற்குச் சாட்சி இல்லையாம்!

கோபம் வந்தது. ஆனால் கோபத்தை இணைப்பாக வைக்க முடியாதே! காரணத்தைப் படித்தோம். அந்தக் காரணத்துக்கு மட்டும் பதில் தேடினோம். அக்கா மகள் 2003-இல் இங்கே பிறந்தவள், பிறப்புச் சான்று இருந்தது. மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் அவள் படித்த சான்று இருந்தது, தகப்பன் பெயரோடும் முகவரியோடும். பழைய வாக்காளர் பட்டியலில் அத்தான் பெயர் இருந்த பக்கத்தைத் தேடி எடுத்தோம். இவற்றை வைத்துத் தாசில்தாரிடம் வசிப்புச் சான்று வாங்கினோம். 'உத்பன்ன தாக்லா' என்று இங்கே சொல்லும் வருமானச் சான்றும் புதிதாக வாங்கினோம். எல்லாவற்றையும் வரிசை எண் போட்டு, மேலே ஒரு பட்டியல் வைத்து, ஒரு நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்டு கொடுத்தோம். 2024 கடைசியில் உத்தரவு வந்தது.

வீட்டில் பெண் பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழை யாரும் இளக்காரமாக நினைக்காதீர்கள். தகப்பன் இந்த ஊர்க்காரன் என்று எங்களுக்குச் சாட்சி சொன்னது ஒரு பெண் குழந்தையின் பள்ளிச் சான்றுதான்.

இன்னொரு இடறல், பெயர். நம் ஊரில் ஒரு முன்னெழுத்து, ஒரு பெயர். இங்கே தன் பெயர், தகப்பன் பெயர், குடும்பப் பெயர் என்று மூன்று. ஆதார் அட்டையில் ஒரு மாதிரி, ரேஷன் கார்டில் ஒரு மாதிரி, வங்கியில் ஒரு மாதிரி, ஊனச் சான்றில் நாலாவது மாதிரி. கணினிக்கு இவர்கள் நாலு ஆட்கள். விண்ணப்பிக்கும் முன் எல்லாத் தாளையும் பாயில் பரப்பி வைத்து, பெயரையும் பிறந்த தேதியையும் ஒவ்வொன்றாக ஒத்துப் பாருங்கள். முதலில் ஆதாரைத் திருத்துங்கள். அதை ஒட்டி மற்றவற்றைத் திருத்துங்கள். வங்கிக் கணக்கோடு ஆதார் சேர்ந்திருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிலர் ஊரில் சான்றிதழ் வாங்கி வைத்திருக்கிறார்கள். "இது தமிழ்நாட்டுச் சான்று, இங்கே செல்லாது" என்று இங்கே யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஊனச் சான்றிதழ் நாடு முழுவதும் செல்லும் என்பது 2016 சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. ஆனால் உதவித்தொகை ஓர் இடத்தில்தான். ஊரிலும் வாங்கி இங்கேயும் வாங்கினால் இரண்டும் போகும், வழக்கும் வரும்.

தோழர்களே, இதுவரை தாளைப் பற்றிப் பேசினேன். தாளுக்கு மேலே அரசியல் இருக்கிறது. அதைச் சொல்லாமல் இறங்கினால் நான் சங்கத்துக்காரன் அல்ல.

மத்திய அரசின் இந்திரா காந்தி தேசிய ஊன ஓய்வூதியத்தைப் பாருங்கள். மாதம் 300 ரூபாய். 2012-இல் 200-இலிருந்து 300 ஆக்கினார்கள். அதற்குப் பிறகு எத்தனை முறை அரிசி விலை ஏறியது, எத்தனை முறை ரயில் கட்டணம் ஏறியது? அந்த 300-ம் யாருக்கு? வறுமைக்கோட்டுக்குக் கீழ் இருந்து, 80 விழுக்காடு ஊனமும் இருந்தால்தான். சட்டம் 40-ஐ எல்லை என்கிறது. ஓய்வூதியம் 80-ஐ எல்லை என்கிறது. நடுவில் நிற்பவன் எங்கே போவான்?

அதே 2016 சட்டத்தின் 24-ஆம் பிரிவு, இது போன்ற திட்டங்களில் மற்றவர்களுக்குத் தருவதைவிட மாற்றுத்திறனாளிகளுக்கு 25 விழுக்காடாவது கூடுதலாகத் தர வேண்டும் என்கிறது. மத்திய அரசின் விதவை ஓய்வூதியம் 300. ஊன ஓய்வூதியமும் 300. எங்கே அந்த 25 விழுக்காடு? தான் போட்ட சட்டத்தைத் தானே படிக்காத அரசாங்கம், நம் விண்ணப்பத்தில் ஒரு புள்ளி குறைந்தால் திருப்பி அனுப்புகிறது.

கேட்டால் கிடைக்கும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. மாநிலத்தில் இந்த உதவி 1,500 ரூபாயாக இருந்தது. மாற்றுத்திறனாளிகளுக்கு அதை 2,500 ஆக்க 2025 செப்டம்பரில் அமைச்சரவை முடிவெடுத்தது, அக்டோபர் முதல் என்று அறிவித்தது. யாரும் வீடு தேடி வந்து ஆயிரம் ரூபாயைக் கூட்டிக் கொடுக்கவில்லை. தெருவில் இறங்கிப் பல வருஷம் கேட்டார்கள். ஆனால் 50,000 என்ற வருமான எல்லை இருக்கிறதே! மாதத்துக்கு நாலாயிரத்துச் சொச்சம். இந்த நகரத்தில் ஒரு சின்ன அறையின் வாடகைக்கே அது காணாது. அதற்குள் குடும்பம் நடத்துகிறவனுக்குத்தான் உதவி என்றால், உயிரோடு இருக்கிறவன் யாருக்கும் தகுதி இல்லை என்றுதானே பொருள்?

ஆகவே நம் சங்கம் மூன்று கோரிக்கையை வைக்க வேண்டும் என்று முன்மொழிகிறேன். ஒன்று, நம் பகுதிகளில் சான்றிதழ் முகாம் நடக்கும்போது தமிழ் தெரிந்த ஒருவர் மேசையருகே இருக்க வேண்டும். என்ன ஊனம் என்று கேட்டால் சொல்லத் தெரியாமல் காலை மட்டும் காட்டிவிட்டு வருகிற நிலை போக வேண்டும். இரண்டு, மறுக்கிற ஒவ்வொருவரும் எதைக் கொண்டு வந்தால் ஏற்பார்கள் என்பதையும் சேர்த்து எழுதித் தர வேண்டும். மூன்று, வருமான எல்லையை உயர்த்த வேண்டும், மத்திய அரசின் 80 என்ற எல்லை 40 ஆக வேண்டும், அந்த 300-ஐ வெட்கப்படாமல் சொல்லக்கூடிய ஒரு தொகையாக்க வேண்டும்.

கோரிக்கை நிறைவேறுகிற வரை நாம் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு ஞாயிறும் காலை பத்து மணிக்கு இதே இடத்தில் ஒரு மேசை போட்டு உட்கார்கிறேன். பத்தாவது, பன்னிரண்டாவது படித்த நம் பிள்ளைகள் இரண்டு பேர் உடன் இருந்தால் போதும். மராத்தி நம் பிள்ளைகளுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். நீங்கள் கொண்டு வர வேண்டியது அந்த மறுப்புத் தாள். அதோடு வீட்டில் இருக்கிற எல்லாத் தாளும். எது உதவும், எது உதவாது என்று நீங்களே முடிவு செய்து விட்டுவிட்டு வராதீர்கள்.

வந்து சேர்ந்தால் உடனே பணம் கிடைக்கும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். சிலருக்கு மறுபடியும் மறுப்பு வரும். சிலருக்கு உண்மையிலேயே 40 வராது. ஆனால் படிக்காமல் மடித்து வைத்த தாளால் ஒருவரும் இழக்கக் கூடாது. அந்த விதவைத் தாய்க்கு நான் செய்த தவறுக்கு ஞாயிற்றுக்கிழமைகளைக் கொடுக்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. பணம் வந்த முதல் மாதம் அத்தான் வங்கியில் கையெழுத்துப் போட்டுப் பணம் எடுக்கப் போனார். நானும் கூடப் போனேன். எடுத்த நோட்டை எண்ண இரண்டு கையும் வேண்டும் அல்லவா? பைக்குள்ளிருந்து அந்தக் கையை எடுத்தார். கவுண்ட்டர் முன்னால், அத்தனை பேர் பார்க்க, நோட்டை அந்தக் கையால் பிடித்துக்கொண்டு மெதுவாக எண்ணினார். பின்னால் வரிசை நின்றது. அவர் அவசரப்படவில்லை.

அந்த டின்னில் இப்போது அரிசி மட்டும்தான் இருக்கிறது. உங்கள் வீட்டு டின்களையும் இன்று ராத்திரியே திறந்து பாருங்கள்.